வேண்டாம் என்ற இருவர்

சல்வேனாவில் மொத்த வாக்கு இருபத்தெட்டு.
வேண்டும் என்று இருபத்தாறு.
வேண்டாம் என்று இரண்டு.

பால்கூடத்தில், பாலாடைக்கட்டி நிறுக்கிற மேசையில்
ஒரு தொப்பியைக் கவிழ்த்து எண்ணினார்கள்.
அந்த மேசையைத் துடைத்துக் கொடுத்தவள் நான்.
பெண்களுக்கு அப்போது வாக்கு இல்லை.
மோர்வாளியோடு வாசலில் நின்றேன்,
எண்ணி முடித்ததும் தரையையும் துடைக்க வேண்டுமே.

இறந்தவர்களை முதலில் மேட்டுக்கு ஏற்றினார்கள்.
பெட்டிக்கு இவ்வளவு என்று கம்பெனி கொடுத்தது.
என் மாமனாருக்கு வந்த தொகையில்
ஒரு கன்றுக்குட்டியின் பின்பாதி வாங்கலாம்.
பிறகு வீடுகள்.
எங்கள் வீட்டுக்கு மூன்று குச்சி வெடி போதும் என்றார்
பொறியாளர் ஷ்டூடர்.
ஐந்து தேவைப்பட்டது.
துரீஷ் அதை மூன்று நாள்
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

தண்ணீர் பாய்ந்து வரவில்லை.
புல்வெளியில் ஒரு காலை கணுக்காலளவு மினுங்கியது.
உருளைக்கிழங்குப் பாத்தி,
ஊர்நடுவே மாடுகள் குடித்த கல்தொட்டி:
தண்ணீர்த்தொட்டி தண்ணீருக்குள் மூழ்குவதை
அதற்குமுன் நான் பார்த்ததில்லை.
தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன என்பார்கள்.
ஷ்டூடர் மட்டும் தினமும் அளவுகோலோடு வந்து
சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போனார்.

மின்சாரம் முதலில் சூரிச்சுக்குப் போனது.
மேட்டிலிருந்த எங்கள் புது ஊருக்கு
இரண்டு குளிர்காலம் கழித்து வந்தது.

கதை அதற்குப் பிறகுதான்.
மதுக்கடையில் லுரேன் ஒருநாள் கண்ணைத் துடைத்தபடி
அந்த இருவரில் ஒருவன் நான் என்றான்.
மற்றவன் நான், என்றான் கூர்தின்.
அடுத்த மேசையிலிருந்து இன்னொரு மற்றவன்.
தபால்காரன் துமாஷும் வேண்டாம் என்றுதான் எழுதினானாம்;
அன்று அவனுக்கு வயது பதினேழு.
மரண அறிவித்தல்களில் பிள்ளைகள் அச்சடித்தார்கள்:
‘அன்றே எதிர்த்து நின்றவர்.’
போன மாதம் வரை என் கணக்கில்
அந்த இருவர் பத்தொன்பது பேர்.

துரீஷ் மட்டும் வாய் திறக்கவில்லை.
ஒருமுறை கேட்டேன்.
ரொட்டியை அறுத்துக்கொண்டே
சீட்டை மடித்துத்தானே போட்டோம் என்றான்.
அப்படியே மடித்துக்கொண்டு போயும் விட்டான்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்காததால் மறைக்கவும் ஒன்றுமில்லை.
கேட்டிருந்தால் வேண்டும் என்று எழுதியிருப்பேன்.
தை மாதக் குளிரில் ஓடையைக் கோடரியால் பிளந்து
ஒன்பது பேர் துணியை அலசிய விரல்கள்,
நகக்கண்ணில் ரத்தம் உறைந்த இந்த விரல்களே
எழுதியிருக்கும், கொட்டை எழுத்தில்.
ஊர் மேல் பாசம் இல்லையா என்று
செய்தித்தாளிலிருந்து வந்த பெண் கேட்டாள்.
ஓடையில் நின்று பார் அம்மா, என்றேன்.
அதை அவள் எழுதவில்லை.

சித்திரையில் ஏரியை வடிப்பார்கள்.
பாலம் முதலில் தலைகாட்டும்,
படம் எடுக்கிறவர்கள் வருவார்கள்.
இந்த வருடம் நானும் இறங்கினேன், துரீஷின் பூட்ஸில்.
சேற்றுக்கடியில் பால்கூடத்தின் கல்தரை,
நான் துடைத்ததைவிட அழுக்காக.
மேசை இல்லை.
வாசல் இருந்த இடத்தில் பழக்கத்தில் நின்றேன்.
பிறகு உள்ளே போனேன்.
மேசை இருந்த பக்கம் கொஞ்ச நேரம்,
ஏன் என்று தெரியாமல்,
கையை நீட்டிக்கொண்டு.

வீட்டுக்கு வந்து வெந்நீர்க் குழாயைத் திறந்தேன்.
சல்வேனா பழுப்பாகக் கரைந்து இறங்கியது.
கை சுத்தமான பிறகும், விரல்கள் சிவந்த பிறகும்
குழாயை மூடவில்லை.
இப்போது கட்டணச்சீட்டு
என் பெயருக்குத்தான் வருகிறது.